மூக்கன், முதலாமாண்டு

மகளைச் சேர்த்துவிட்டு மத்தியான பஸ்ஸுக்கே மருங்காபுரி திரும்பிவிடலாம் என்று கிளம்பி வந்த மூக்கன், பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார்.

யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் விரும்பிச் சேரவும் இல்லை. இருகரைப் பல்கலைக்கழகத்தில் பல காரியங்கள் அப்படித்தான் நடக்கும். அலுவலகத்துக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய கட்டடமும், வகுப்புகளுக்குத் துவாக்குடிக்கு இந்தப் பக்கம் ஒரு பொட்டலும் கிடைத்தன. நடுவில் காவிரி ஓடியது. அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். ஒரு காகிதம் ஆற்றைக் கடந்து திரும்பி வர ஆறு வாரம் ஆகும்.

மகளின் பெயர் மணிமேகலை. பிளஸ் டூவில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று அறுபத்தொன்று. பி.எஸ்சி. கணிதத்தில் இடம் கிடைத்திருந்தது. மதிப்பெண் பட்டியலில் மூ. மணிமேகலை என்று இருந்தது. இங்கேதான் சிக்கல். இனிஷியல் என்பது பெயர் அல்ல, அதை விரித்தே எழுத வேண்டும் என்று பல்கலைக்கழகம் இந்த ஆண்டு ஒரு விதி போட்டிருந்தது. விரித்தார்கள், மூக்கன் மணிமேகலை என்று ஆயிற்று. இரண்டாவது விதி ஒன்று இருந்தது. முதலில் வருவது மாணவர் பெயர், அடுத்து வருவது குடும்பத்தார் பெயர். கம்ப்யூட்டர் இரண்டு விதிகளையும் மதித்தது. விண்ணப்பத்தில் இருந்த இரண்டு புகைப்படங்களையும் பெயருக்கேற்ப இடம் மாற்றி ஒட்டிக்கொண்டது.

பச்சைக் கயிற்றில் கோத்துக் கொடுத்த அடையாள அட்டையில் நரைத்த மீசையும் தோள் துண்டுமாக மூக்கன் இருந்தார். அடியில், பாதுகாவலர் என்ற கட்டத்தில், ரெட்டைச் சடையும் பள்ளிச் சீருடையுமாக மணிமேகலை.

"மேடம், படிக்க வந்தது நானுங்க" என்றாள் அவள்.

சேர்க்கைப் பிரிவு அதிகாரி பெலிண்டா அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். "நீங்க பாதுகாவலர்மா. முதல் நாள் எல்லாப் பேரன்ட்ஸும் இப்படித்தான் பதறுவாங்க. தம்பியை நாங்க பாத்துக்கறோம்."

தம்பிக்கு ஐம்பத்திரண்டு வயது. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது தப்பா வந்திருக்குங்க. மாத்திக் குடுங்க மேடம்."

"தப்புன்னா திருத்தலாம். யார் வேண்டாம்னா? பெயர்த் திருத்த மனு, ஸ்ரீரங்கம் ஆபீஸ்ல. மாணவர் நேர்ல போய்க் குடுக்கணும். ஆனா இந்த ஏழு நாளும் மாணவர் இங்கதான் இருக்கணும். தெளிவுறு வாரம். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு இருக்கிற பயத்தைப் போக்குறதுக்காக நடத்துறோம். ஒரு வகுப்பு தவறினாலும் சீட்டு கேன்சல்."

வாசலில் முகம் பார்க்கும் இயந்திரம் ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. அதற்கு மூக்கனின் முகம்தான் தெரியும். மணிமேகலை அதன் முன்னால் போய் நின்று பார்த்தாள். 'பாதுகாவலர்கள் பெஞ்சில் அமரவும்' என்றது.

பெஞ்சில் ஏற்கெனவே ஒரு பெண் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பிரான்சி என்று பெயர். கணிதப் பிரிவின் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். யாருடைய சீட்டாவது போனால் உடனே எழுந்து உள்ளே போக வசதியாக இருக்கும் என்று அங்கேயே உட்காரச் சொல்லியிருந்தார்கள். மூக்கனைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றாள்.

"வணக்கம் அங்கிள். உடம்பெல்லாம் நல்லா இருக்குங்களா?"

"நல்லா இருக்கேன்மா."

"சுகர், பிரஷர் ஏதும்?"

"இல்லம்மா."

"சரிங்க அங்கிள்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

மணிமேகலை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ போய் உக்காருப்பா. நீ உக்காந்தாத்தான் என் சீட்டு இருக்கும்."

"நான் உக்காந்து என்ன பாப்பா பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். உள்ள போறப்பயும் வர்றப்பயும் மூஞ்சியக் காட்டு. போதும்."

மூக்கன் காட்டினார். 'வருக மூக்கன்' என்றது இயந்திரம், பெண் குரலில். வருக என்று அவரைக் கூப்பிட்டது அந்த வளாகத்தில் அது ஒன்றுதான்.

அரங்கத்தில் நானூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏ.சி. குளிரில் துண்டை மேலே போர்த்திக்கொண்டார் மூக்கன். பக்கத்தில் திருவெறும்பூரிலிருந்து வந்த பிரவீன்ராஜ் என்ற பையன். அவனுக்கும் கணிதம்தான்.

"அங்கிள், நீங்க ஸ்டேட் போர்டா, சி.பி.எஸ்.இ.யா?"

"அஞ்சாப்பு தம்பி. அதுவும் மத்தியானச் சோத்துக்குப் போனது."

பையன் சேர்க்கையில் ஏதோ ஒதுக்கீடு என்று நினைத்துக்கொண்டான்.

புதுமுகர் நல்வரவுத் துறை இயக்குநர் முனைவர் ஸ்தனிஸ்லாஸ் மேடைக்கு வந்தார். அவரை அறிமுகப்படுத்த இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு அவரே தம்மை ஒரு முறை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"இளம் நண்பர்களே! பள்ளிக்கூடத்தில் உங்களை ஓயாமல் கேள்வி கேட்டார்கள். இங்கே உங்களை யாரும் கேட்கமாட்டார்கள். இதற்குப் பெயர்தான் சுதந்திரம். தொற்றுக் காலத்தில் இரண்டு வருடம் இந்த வளாகத்தில் ஒரு மாணவர்கூடக் கிடையாது. மின்சாரம் மிச்சம், தண்ணீர் மிச்சம், புகார் பூஜ்யம். தர மதிப்பீட்டுக் குழு வந்து பார்த்துவிட்டு இதுவரை இல்லாத மதிப்பெண்ணை வழங்கியது. அதன் பிறகும் உங்களைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றால், அந்தப் பெருந்தன்மையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்."

கை தட்டினார்கள். மூக்கனும் தட்டினார். கைக்குக் கொஞ்சம் சூடு கிடைத்தது.

ஆளுக்கொரு 'புதுமுகர் வழிகாட்டி' கொடுத்தார்கள். முந்நூற்றுப் பதினாறு பக்கம். முதல் நாற்பது பக்கம் வாழ்த்துரை. அதற்கப்புறம், இந்த வழிகாட்டியைப் பயன்படுத்தும் முறைக்குத் துணை வழிகாட்டியைப் பார்க்கவும் என்று இருந்தது. பிரவீன்ராஜ் அவசரமாகப் பக்கங்களைப் புரட்டி, கழிப்பறை என்ற சொல்லைக் கண்டுபிடித்தான். 'பார்க்க: இணைப்பு 14' என்று போட்டிருந்தது. இணைப்புகள் பதின்மூன்றோடு முடிந்திருந்தன.

மறுநாள் நூலக அறிமுகம். இயந்திரம் முகம் பார்த்தது போதாதென்று உள்ளேயும் தினமும் பெயர் வாசித்தார்கள்; மூக்கன் தன் முறை வந்ததும் 'உள்ளேன் ஐயா' என்றார். திரையில் நூலகத்தின் படத்தைக் காட்டினார்கள். உள்ளே போனால் புத்தகங்கள் இடம் மாறிவிடும் என்பதால் படமே போதும் என்றார் நூலகர். ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியும் அன்றைக்குத்தான். யாரையும் கேலி செய்யமாட்டேன், முட்டி போடச் சொல்லமாட்டேன் என்று மூக்கன் எழுதிக் கொடுத்தார். மீறினால் கண்டித்து வைப்பேன் என்று பாதுகாவலர் மணிமேகலை கீழே கையெழுத்துப் போட்டாள். அவருக்கு ஆண்கள் விடுதியில் கட்டிலும் கிடைத்தது. மணிமேகலை, திருவெறும்பூரில் சித்தி வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பிரான்சியும் அவளும் தயிர்சாதத்தைப் பகிர்ந்துகொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் நேர மேலாண்மை வகுப்பு. ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. பேச்சாளர் வருவதற்குள் மூக்கனின் போன் அடித்தது. மனைவி மாரியாயி.

"நல்ல மழை பேஞ்சிருச்சு. கொல்லையில உழவுக்கு ஈரம் நிக்குது. ஊரே கடலை போடுது. எப்ப வரீங்க?"

"வர முடியாது புள்ள. வகுப்புல இருக்கேன்."



"குடிச்சிருக்கீங்களா?" என்றாள் மாரியாயி.

அன்று மத்தியானம் மன அமைதி வகுப்பில் மூக்கன் தூங்கிவிட்டார். அவரைத் தவிர வேறு யாருக்கும் அந்த வகுப்பில் மன அமைதி கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அது குற்றம். பாதுகாவலரோடு வரச் சொல்லி பெலிண்டாவிடமிருந்து ஓலை வந்தது.

"உக்காருங்க மணிமேகலை மேடம்" என்றார் பெலிண்டா. "மூக்கன் வகுப்புல தூங்கறார். வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"மழை பேஞ்சிருச்சுங்க. கடலை போடணும். அதான் அப்பா யோசனையா இருக்காங்க."

"பாத்தீங்களா, இதான். வீட்டுப் பாரத்தைப் பிள்ளைங்க தலையில ஏத்தாதீங்க. உங்க கனவை அவர் மேல திணிக்காதீங்க. அவருக்குன்னு ஒரு கனவு இருக்கும்." மூக்கன் பக்கம் கனிவாகத் திரும்பினார். "சொல்லுங்க மூக்கன், உங்களுக்கு என்ன ஆசை?"

மூக்கன் யோசித்துவிட்டுச் சொன்னார். "ஊருக்குப் போகணுங்க."

'வீட்டு ஏக்கம்' என்று எழுதிக்கொண்ட பெலிண்டா, அதைப் போக்க மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை ஒரு சிறப்பு வகுப்பைக் கூடுதலாகப் போட்டார்.

வெளியே வந்ததும் மணிமேகலை சொன்னாள்: "தூங்காதப்பா. ரெண்டு நாள் பொறு. அஞ்சாம் நாள் உங்களையெல்லாம் ஸ்ரீரங்கம் ஆபீஸைக் காட்டக் கூட்டிட்டுப் போறாங்களாம். அங்க மனுவைக் குடுத்துரலாம்."

ஐந்தாம் நாள் நிகழ்ச்சிக்கு 'நிர்வாகத்தை அறிவோம்' என்று பெயர். எட்டு பஸ்கள். முதல் பஸ்ஸின் முன் சீட்டில் முகம் பார்க்கும் இயந்திரத்தை உட்கார வைத்து பெல்ட் போட்டிருந்தார்கள். பாதுகாவலர்களுக்கு அனுமதி இல்லை. மணிமேகலை காலையிலேயே கிளம்பி சத்திரம் பஸ் நிலையத்தில் மாறி, ஸ்ரீரங்கம் அலுவலக வரிசையில் போய் நின்றுவிட்டாள். எட்டு பஸ்களும் வந்து சேர்ந்தன. நிர்வாகத்தை வெளியிலிருந்து பார்க்க இருபது நிமிடம் கொடுத்தார்கள். நானூறு பேரும் தெருவில் நின்று ஒரு சுவரைப் பார்த்தார்கள். மூக்கன் மட்டும் நழுவி உள்ளே போய் வரிசையில் மகளோடு சேர்ந்துகொண்டார்.

கண்காணிப்பாளர் அழகிய மணவாளன் நெற்றியில் பளிச்சென்று திருமண்ணோடு உட்கார்ந்திருந்தார். "வாங்கோ, வாங்கோ. உக்காருங்கோ. க்ஷேமமா வந்தேளா?" என்றார். ஐந்து நாளில் மூக்கனை மனிதராகப் பார்த்து ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை.

மனுவைப் படித்தார். "ரொம்ப சுலபம். மூணாவது கட்டத்துல 'பிழையான பெயர்'னு இருக்கு பாருங்கோ. அதுல தேவரீர் திருநாமத்தை எழுதி, பக்கத்துல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

மூக்கன் பேனாவை வாங்கினார். "பிழைன்னா தப்புங்களா ஐயா?"

"தப்புன்னும் சொல்லலாம்."

"எம் பேரு தப்புன்னு நானே எழுதணுங்களா?"

"ஆமாம். மத்தவா எழுதினா செல்லாது."

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. மூக்கனுக்கு முன்னால் அவர் வீட்டில் மூன்று பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. நாலாவதையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று, பிறந்த அன்றே மூக்கைக் குத்தி, குப்பையில் புரட்டி எடுத்து, மூக்கன் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் அவரை இந்தப் பக்கம் பிடித்து வைத்ததாக அவருடைய அம்மா சாகும்வரை நம்பினாள். வலது மூக்கில் அந்தத் துளை இன்னும் லேசாகத் தெரியும்.

"எழுதுப்பா" என்றாள் மணிமேகலை. "காகிதந்தானே."

"எழுதறேன் பாப்பா."

எழுதவில்லை. வெளியே பஸ் ஹாரன் கேட்டது.

"அப்பா, நேரமாச்சு."

மூக்கன் தலையை நிமிர்த்தினார். "ஐயா, பேரு தப்பில்லீங்க. போட்ட இடந்தான் தப்பு."

அழகிய மணவாளன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார். "என்ன அழகாச் சொல்லிட்டேள்! முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு தெளிவை அடியேன் கேட்டதில்லே. பேர் தப்பில்லே. சரிதான். அப்போ மனுவே வேண்டாமே!" சிவப்பு முத்திரை ஒன்றை எடுத்தார். 'பிழை இல்லை' என்று ஓங்கிக் குத்தினார். "பெருமாள் கிருபையில ஒரு ஃபைல் இன்னிக்கே முடிஞ்சுது."

"ஐயோ சார், இடம் தப்புன்னுதானே அப்பா சொல்றாங்க. அதுக்கு எந்தக் கட்டம்?" என்றாள் மணிமேகலை.

"அந்தக் கட்டம் இன்னும் அச்சாகலேம்மா."

"அப்ப வேற மனு எழுதித் தரோம்."

"ஒரு மாணவருக்கு வருஷத்துக்கு ஒரு மனுதான். க்ஷமிக்கணும். அடியேன் கையெழுத்துப் போடலாம், அதிகாரம்தான் இல்லே." ஒரு வாழையிலைத் துண்டில் புளியோதரை எடுத்து நீட்டினார். "பிரசாதம். வெறுங்கையோட போகப்படாது."

அப்பாவும் மகளும் தெருவுக்கு வந்தார்கள். அழுகை வரும் என்று மூக்கன் எதிர்பார்த்தார். அவளுக்கும் வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

"கோவமா பாப்பா?"

"இல்லப்பா."

"எழுதியிருக்கணும்."

"ஆமா."

ஹாரன் மறுபடி அடித்தது. மூக்கன் புளியோதரையை மகள் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறி முகத்தைக் காட்டினார். 'வருக மூக்கன்.'

ஆறாம் நாள் மன அழுத்தத்தைக் கையாளுவது எப்படி என்ற வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பிரவீன்ராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினான். கழிப்பறை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வெளியே போனவர் பத்து நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது விதி. தேடிக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது பத்து நிமிடத்துக்கு மேல் நான்கு நிமிடம் ஆகியிருந்தது. இயந்திரம் அவனுக்கு வருக சொல்லவில்லை. 'நேரம் கடந்தது' என்றது. சீட்டு போயிற்று.

ஸ்தனிஸ்லாஸ் இதை ஒரு பாடமாகவே எடுத்தார். "விதி கருணையற்றது என்று நினைக்காதீர்கள். வெளியே காத்திருக்கும் பிள்ளையைப் பொறுத்தவரை இந்த நான்கு நிமிடமே கருணை. மன அழுத்தத்தை எப்படிக் கையாளுவது? அதை அடுத்தவருக்கு மாற்றிவிட வேண்டும். இந்த நிறுவனம் அப்படித்தான் வளர்ந்தது."

பிரான்சி பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் மூக்கன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரவீன்ராஜ் அவள் இருந்த பெஞ்சில் போய் மணிமேகலை பக்கத்தில் உட்கார்ந்தான். இப்போது காத்திருப்போர் பட்டியலில் அவன்தான் முதல் ஆள். மறுநாள் காலையில் மூக்கனைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"அங்கிள், உடம்பு நல்லா இருக்குங்களா?"

"நல்லா இருக்கேன் தம்பி" என்றார் மூக்கன். அன்றைக்கு அவர் தண்ணீரே குடிக்கவில்லை.

ஏழாம் நாள் நிறைவு விழா. எல்லோருக்கும் தெளிவுச் சான்றிதழ். கருத்துப் படிவத்தைச் சிரமம் தராமல் அவர்களே பூர்த்தி செய்து வைத்திருந்தார்கள்; கையெழுத்து மட்டும் கேட்டார்கள். கடைசியில் முன்மாதிரிப் புதுமுகர் விருது. ஏழு நாளும் ஒரு கேள்விகூடக் கேட்காத ஒரே மாணவர் என்று சொல்லி மூக்கனை மேடைக்கு அழைத்தார்கள்.

"இரண்டு வார்த்தை பேசுங்கள்" என்று மைக்கைக் கொடுத்தார் ஸ்தனிஸ்லாஸ்.

இதுதான் சமயம் என்று மூக்கனுக்குத் தோன்றியது. தொண்டை காய்ந்திருந்தது. "ஐயா, படிக்க வந்தது நானில்லீங்க. எம் பொண்ணு. மார்க்கு அதோடது. நான் சும்மா கூட வந்தவன்."

 ஸ்தனிஸ்லாஸ் எழுந்து கை தட்டினார். எல்லோரும் எழுந்து தட்டினார்கள்.

"கேட்டீர்களா!" என்றார் ஸ்தனிஸ்லாஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் நான் என்று வருகிறவர்களை ஏழே நாளில் 'நானில்லை' என்று சொல்ல வைத்திருக்கிறோம். இந்த வாரத்தின் நோக்கத்தை இதைவிட யாராலும் சொல்ல முடியாது!"

மூக்கன் கேடயத்தோடு இறங்கினார். பெலிண்டாவிடம் போய், "மேடம், நாளைக்கும் நான்தான் வரணுங்களா?" என்று கேட்டார்.

"சந்தேகம் கேட்கிற நேரம் நேத்தோட முடிஞ்சிருச்சு மூக்கன்."

எட்டாம் நாள் வகுப்புகள் தொடங்கின. மூன்று வருடத்துக்கு மாரியாயியிடம் என்ன சொல்வது என்ற யோசனையோடு அப்பாவும், ஒரு யோசனையும் இல்லாமல் மகளும் வாசலுக்கு வந்தார்கள். முகம் பார்க்கும் இயந்திரத்தைக் காணோம். தரையில் அதன் திருகுகளைக் கழற்றிய நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"அது வாடகைக்கு எடுத்ததுங்க" என்றார் வாட்ச்மேன் குத்புதீன், கொட்டாவி விட்டபடி. "பயம் போக்குற வாரத்துக்கு மட்டுந்தான். திருப்பிக் குடுத்தாச்சு."

"அப்ப இனிமே எப்படிங்க உள்ள விடுவீங்க?" என்றாள் மணிமேகலை.

"கழுத்துல பச்சைக் கயிறு இருந்தா ஸ்டூடன்ட். இல்லாட்டி வெளியாளு."

 மூக்கன் தன் கழுத்திலிருந்த பச்சைக் கயிற்றைக் கழற்றி மகள் கழுத்தில் மாட்டினார். அட்டையில் அவருடைய மீசை வெயிலில் மின்னியது. குத்புதீன் கயிற்றைப் பார்த்தார். "போம்மா" என்றார்.

மூக்கன் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வெளியே நடந்தார். முதலாமாண்டு கணித வகுப்பு சாலையோரக் கட்டடத்தில்தான் இருந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாக மூன்றாவது வரிசையில், பிரான்சிக்குப் பக்கத்தில் மணிமேகலை உட்காருவது தெரிந்தது. பஸ் வரும்வரை நிற்கலாம் என்று நின்றார்.

பேராசிரியர் லூர்து உள்ளே வந்தார். வருகைப் பதிவேட்டை விரித்தார். யாரையும் பார்க்காமல் வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயராக நகர்ந்து வந்தது.

"மூக்கன்."

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். மணிமேகலை எழுந்திருக்கவில்லை. பேராசிரியரின் பேனா காகிதத்தில் இறங்கப்போனது.

"மூக்கன்!"

மணிமேகலை எழுந்து நின்றாள். "உள்ளேன் ஐயா" என்றாள்.

அதே கணத்தில் ஜன்னலுக்கு வெளியிலிருந்தும், ஏழு நாள் பழக்கத்தில், கட்டைக் குரலில் ஒரு "உள்ளேன் ஐயா" வந்தது.

பேராசிரியர் தலை நிமிரவில்லை. "ஒரு தடவை சொன்னாப் போதும்" என்றார். பதிவேட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பெயரை வாசித்தார்.